பக்கம் 3-க்கு அப்புறம் 201: விமான நூலகத்தை இணையத்தில் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணே, பக்கம் 3-க்கு அப்புறம் நேரா 201 வருது. நடுவுல யாரோ கிழிச்சிட்டாங்க போல."

போன மாதம் உதவிக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவன் இதைச் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே வரியை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடியில் விமானப் புத்தகங்கள், பராமரிப்பு மேனுவல்கள், வரைபடங்கள், புகைப்படங்கள் என்று ஓர் அறை நிறைய வைத்திருக்கிறோம். பெரும்பகுதி, சுபாங் விமான நிலையத்தில் விமானம் பழுது பார்த்து ஓய்வு பெற்று, பிறந்த தோட்டத்துப் பக்கமே திரும்பி வந்த ஒரு பெரியவர் சேர்த்தது. அதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக இணையத்தில் ஏற்றுகிறோம். தூசி தட்டுவது, இரண்டு இடத்தில் நகல் வைப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

மேனுவலைப் புத்தகம் என்று நினைப்பது

விமானப் பராமரிப்பு மேனுவல் தைத்த புத்தகம் இல்லை, வளையக் கோப்பில் கிடக்கும் தனித்தனித் தாள்கள். அமெரிக்காவில் 1956-இல் வந்த ஏடிஏ 100 என்ற முறைப்படி ஒவ்வொரு பகுதிக்கும் நிலையான அத்தியாய எண் உண்டு: 27 என்றால் பறப்புக் கட்டுப்பாடு, 32 என்றால் தரையிறங்கும் சக்கரங்கள். பக்க எண்ணும் அப்படித்தான். 1-இல் தொடங்கினால் விளக்கம், 101 என்றால் கோளாறு தேடுவது, 201 என்றால் பராமரிப்பு வேலை, 401 என்றால் கழற்றி மாட்டுவது. 3-க்கு அப்புறம் 201 வந்தால் எதுவும் தொலையவில்லை. தயவுசெய்து 4, 5 என்று புது எண் போட்டுவிடாதீர்கள்.

என் கதை இதைவிட மோசம். தயாரித்த நிறுவனம் திருத்தம் அனுப்பும்போதெல்லாம் பழைய தாளை உருவிவிட்டுப் புதியதைச் செருகுவார்கள். ஹேங்கரில் பழைய தாள் குப்பைக்குத்தான் போக வேண்டும், அதைப் பார்த்து ஒருவன் போல்ட்டை முறுக்கினால் ஆபத்து. பெரியவருக்குத் தூக்கிப் போட மனசு வரவில்லை. போயிங் 737-200 மேனுவலிலிருந்து உருவிய தாள்களை ராஃபியா கயிற்றில் கட்டி இரண்டு மைலோ பெட்டி நிறைய வைத்திருந்தார். நான் பிரித்துப் பார்த்தேன். 32-ஆம் அத்தியாயத்தில் அதே 201-ஆம் பக்கம் நான்கு தடவை, அதே தலைப்பு, அதே படம். சரி, டூப்ளிகேட் என்று முடிவு கட்டி, அந்தச் சனிக்கிழமை "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வந்த பழைய பேப்பர் லாரியை நிறுத்தி ஏற்றிவிட்டேன். கிடைத்த காசுக்கு ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக்.

ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் ஒரு தேதி இருக்கும். நான்கிலும் வேறு வேறு தேதி. எந்த வரியை எப்போது மாற்றினார்கள், முதலில் எப்படிச் செய்யச் சொன்னார்கள் என்பதெல்லாம் அந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். கடைசித் திருத்தம் தேடினால் வேறு எங்காவது கிடைக்கும், உருவிப் போட்ட தாளை யார் வைத்திருக்கப் போகிறார்கள்? "தம்பி, கயிறு கட்டி வெச்ச கட்டு எங்கப்பா?" என்று பெரியவர் கேட்டார். சொன்னேன். திட்டவில்லை. கீழே போய் ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர் மூன்று வாரம் மாடி ஏறவில்லை. இன்றைக்கும் தெருவில் அந்த லாரிச் சத்தம் கேட்டால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

ஆகவே ஸ்கேனரைத் தொடும் முன், மேனுவலின் முன்பக்கம் இருக்கும் 'செல்லுபடியாகும் பக்கங்கள்' பட்டியலை எடுத்து ஒவ்வொரு தாளையும் தேதியோடு ஒத்துப் பாருங்கள். வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள், தற்காலிகத் திருத்தங்களை மஞ்சள் தாளில்தான் அச்சடித்தார்கள், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அது மற்றத் தாள்களோடு கலந்துவிடும். ஓரத்தைத் தானாக வெட்டும் வசதியை அணைத்துவிடுங்கள்; வரிக்குப் பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் கறுப்புக் கோடுதான் எது மாறியது என்று காட்டுகிறது, மென்பொருள் அதை அழுக்கு என்று நினைத்து நறுக்கிவிடும். 'வேண்டுமென்றே காலியாக விடப்பட்டது' என்று போட்ட பக்கத்தையும் சேர்த்தே எடுங்கள்.

ஒரே பெயரில் தேட விடுவது

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் குண்டு போட்ட நம் ஊர் விமானத் தளத்தைப் பழைய ஆங்கில ஆவணங்களில் தேடினால் சிக்காது. அங்கே 'சுங்கெய் பட்டானி' என்று இருக்கும், 'சுங்கை' என்பது பிற்பாடு வந்த எழுத்து. நிறுவனப் பெயரும் அப்படித்தான்: 1947-இல் பறக்கத் தொடங்கிய மலாயன் ஏர்வேஸ் 1963-இல் மலேசியன் ஏர்வேஸ், அப்புறம் மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 1972-இல் இரண்டாகப் பிரிந்தது. விமானத்தின் பதிவு எழுத்துகள்கூட விஆர்-ஆர் போய் 9எம் ஆயின. அட்டவணையில் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் போடுங்கள். தமிழிலும் போடுங்கள், தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள்.

படத்தின் முதுகு

அதையும் ஸ்கேன் செய்யுங்கள். பெயர், தேதி எல்லாம் அங்கேதான்.

பழசுதானே என்று மொத்தத்தையும் ஏற்றுவது

தயாரிப்பு நிறுவனத்தின் மேனுவலுக்குப் பதிப்புரிமை இருக்கிறது, விமானம் பறப்பதை நிறுத்திவிட்டது என்பதற்காக அது போய்விடாது. நாங்கள் தலைப்பு, அத்தியாய எண், திருத்தத் தேதி மட்டும் இணையத்தில் வைத்திருக்கிறோம். பக்கத்தைப் பார்க்க மாடி ஏறி வர வேண்டும். அனுமதி கிடைத்து ஏற்றினாலும் 'வேலைக்குப் பயன்படுத்தாதே' என்று ஒவ்வொரு பக்கத்திலும் போடுங்கள்.

புளிச்ச வாடை

பிலிம் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் உடனே மற்றதிலிருந்து பிரித்து வையுங்கள். யோசிக்காதீர்கள்.

அழுக்கைத் துடைப்பது

கணினியில் கை வந்த பிள்ளைகளுக்கு இது பெரிய ஆசை. கிரீஸ் ரேகை, பென்சில் கிறுக்கல் எல்லாவற்றையும் நீக்கிப் பளிச்சென்று ஆக்கிவிடுவார்கள். போன மாதம் வந்தவன் அப்படி நீக்கப் போன ஒன்று, சக்கரப் பகுதிப் படத்துக்குப் பக்கத்தில் பெரியவர் கையெழுத்தில் தமிழில் இருந்தது: "இங்கே ஸ்பேனர் நுழையாது, முதலில் பைப்பைக் கழற்று." அட்டவணையில் அதைப் பதிய ஓர் இடம் இல்லை. 'ஓரக் குறிப்பு' என்று ஒரு கட்டத்தைச் சேர்த்து, அவனையே தட்டச்சு செய்ய வைத்தேன்.