டாக்ஸிசிட்டி டெஸ்டுக்கு கடல் பூச்சி எடுக்கும்போது பண்ற தப்புகள்

ஒரு கெமிக்கல் கடலுக்கு எவ்ளோ விஷம்னு பாக்கணும்னா முக்காவாசி பேர் கை நேரா போறது ஆர்ட்டீமியா (இறால் மாதிரி ஒரு குட்டி உப்புத்தண்ணி உயிரு) முட்டை டப்பாவுக்குத்தான். ஏன்னு கேட்டா ஈஸியா கிடைக்குது, உப்புத்தண்ணில போட்டா மறுநாளே பொரிஞ்சிடுதும்பாங்க, அது உண்மைதான், ஆனா அது வாழ்ற இடம் கடலே கிடையாது. தூத்துக்குடி உப்பளத்துல கடலைவிட பல மடங்கு உப்பு ஏறின பாத்திலயும் செவசெவன்னு நீந்திட்டு இருக்கும். அவ்ளோ தாங்குற உயிரு காப்பர், காட்மியம் மாதிரி மெட்டலையும் நல்லாவே தாங்கும். அகார்ட்டியா மாதிரி கோப்பிபாடோ (தண்ணில மிதக்குற ரொம்ப சின்ன ஓடுள்ள உயிரு), மைசிடோ (குட்டி இறால் மாதிரி இருக்குறது) அதைவிட ரொம்ப கம்மி அளவுலயே செத்துடும். ஆர்ட்டீமியா சாகலங்குறத வச்சு "கடலுக்கு ஆபத்தில்ல"ன்னு ரிப்போர்ட் எழுதுறத பாத்தா எனக்கு நிஜமாவே வயிறு எரியுது.

சரி, ஆர்ட்டீமியாதான் வேணும்னா வயசையாவது பாருங்க. இப்பதான் பொரிஞ்ச குஞ்சுக்கு வாய் திறந்திருக்காது, வயித்துல இருக்க மஞ்சக்கருவ வச்சே ஓட்டிடும், லென்ஸ்ல பாத்தா ஆரஞ்சு கலர்ல உருண்டையா தெரியும். ஒரு தடவ தோல் உரிச்சப்புறம் கொஞ்சம் நீளமாகி, கலர் வெளுத்து, தண்ணிய வடிகட்டி தின்ன ஆரம்பிக்கும், விஷம் நல்லா உள்ள போறதும் அப்பதான். நானே ஆரம்பத்துல ரெண்டையும் கலந்து எடுத்து, ஒரே டோஸுக்கு ஒரு பீக்கர்ல பாதி செத்தும் பக்கத்து பீக்கர்ல ஒன்னுமே ஆகாமலும் இருந்தத பாத்து ரெண்டு வாரம் கெமிக்கல் மேல பழி போட்டுட்டு இருந்தேன்.

அடுத்து சலைனிட்டி. காட்மியத்த எடுத்துக்கோங்க, உப்பு ஜாஸ்தியா இருந்தா குளோரைடு அத புடிச்சு வச்சிக்கும், உப்பு கொறைய கொறைய ஃப்ரீயா இருக்க காட்மியம் ஜாஸ்தியாகி விஷம் ஏறும். அதனால முகத்துவாரத்துல கலக்குற கழிவுக்கு 35 உப்புல (லிட்டருக்கு சுமார் 35 கிராம், நடுக்கடல் அளவு) டெஸ்ட் பண்ணா அங்க நடக்குறது தெரியவே தெரியாது, அந்த கம்மி உப்புல இயல்பா வாழ்ற இனமா பாத்து எடுக்கணும். தண்ணில உப்பு கம்மிதானேன்னு டாஃப்னியாவ தூக்கிட்டு வராதீங்க, அது நன்னீர் உயிரு.

சேறுதான் பிரச்சனைன்னா சேத்துல குழி பறிச்சு வாழ்ற ஆம்பிபாட் (இதுவும் இறால் மாதிரி ஒரு குட்டி உயிருதான்) எடுங்க, தண்ணில நீந்துறத இல்ல. அதுலயும் சில வகைக்கு ரொம்ப நைஸான களிமண் ஒத்துக்காது, விஷமே இல்லாட்டியும் சாகும். சேத்துலேர்ந்து வர்ற அமோனியாவயும் அளந்துடுங்க, இல்லன்னா அமோனியா கொன்னத மெட்டல் கணக்குல எழுதிடுவீங்க.

மைசிட் எடுக்குறவங்க சாப்பாட்ட மறக்கக்கூடாது. பசிச்சா ஒன்னையொன்னு தின்னுடும், காலைல எண்ணுனா ரெண்டு குறையும், உடம்பும் இருக்காது, அத சாவு கணக்குல சேக்குறதா வேணாமான்னு முழிப்பீங்க. கெமிக்கலே போடாத கன்ட்ரோல்ல 100க்கு 10க்கு மேல செத்தா அந்த அக்யூட் (குறுகிய கால) டெஸ்ட்ட தூக்கிப் போட்டுட்டு திரும்ப பண்ணுங்க, மனசு வராதுதான், ஆனா வேற வழியில்ல.

இன்னொன்னு, 48 மணி நேர டெஸ்ட் எல்லா கெமிக்கலுக்கும் பத்தாது. டைஃப்ளுபென்சுரான் மாதிரி பூச்சிமருந்து ஓடு உருவாகுறதத்தான் தடுக்குது, அதனால தோல் உரிக்கிற நேரத்துலதான் சாகும். டெஸ்டுக்குள்ள ஒரு தடவகூட தோல் உரிக்காத வயசுல விலங்க எடுத்தீங்கன்னா எல்லாம் உயிரோட நீந்திட்டேதான் இருக்கும்.