முட்டை சிக்கிய கோழிக்கு வீட்டில் செய்யக் கூடாதவை

பெட்டைக்கோழி காலையிலிருந்து கூடைக்குள் போவதும் வருவதுமாக இருக்கிறது. வாலைத் தாழ்த்தி முக்குகிறது. இரை போட்டுக் கூப்பிட்டாலும் எழுந்து வருவதில்லை. இப்படிக் கண்டதும் பல வீடுகளில் முதலில் நடப்பது, அதைப் பிடித்து அலகைத் திறந்து ஒரு கரண்டி விளக்கெண்ணெய் ஊற்றுவதுதான். முட்டை வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்று நினைத்து, கோழி மேல் உள்ள அக்கறையில் செய்கிறார்கள். ஆனால் இந்த ஒரு கரண்டி எண்ணெயே கோழியைக் கொன்றுவிடக்கூடும்.

காரணம் எளிது. இரை போகும் வழி வேறு, முட்டை வரும் வழி வேறு. தீனிப்பை, அரைவைப்பை, குடல் என்று போவது ஒரு குழாய். கருவகத்திலிருந்து இடப்பக்கமாக இறங்கும் முட்டைக்குழாய் தனி. இரண்டும் சந்திப்பது ஆசனவாய்க்குச் சற்று உள்ளே மட்டுமே. வாயில் ஊற்றிய எண்ணெய் முட்டை சிக்கிய இடத்தை எட்டிக்கூடப் பார்க்காது. மிஞ்சிப்போனால் பேதியாகும். அதைவிட மோசம், மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருப்பது. தளர்ந்துபோன கோழி சரியாக விழுங்காது, எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். எண்ணெய் வேண்டிய இடம் ஆசனவாய்தான், அலகு அல்ல. தண்ணீரோ மருந்தோ கொடுப்பதாக இருந்தாலும் ஊசி இல்லாத சிரிஞ்சால் அலகின் பக்கவாட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு முறையும் விழுங்கியதைப் பார்த்துவிட்டே அடுத்த சொட்டை விட வேண்டும்.

அடை என்று விட்டுவிடுவது

கூடையை விட்டு எழாத கோழியைப் பார்த்து "அடைக்கு உட்கார்ந்துவிட்டது" என்று இரண்டு நாள் சும்மா இருந்துவிடுகிறார்கள். முட்டை சிக்கிய கோழிக்கு அந்த இரண்டு நாளே முடிவாகிவிடலாம். வித்தியாசம் காண்பது கடினமில்லை. கையை நீட்டினால் அடைக்கோழி சிலிர்த்துக்கொண்டு கொர்ரென்று சத்தம் போடும், கொத்த வரும். நாளுக்கு ஒருமுறை எழுந்து தின்று, பெரிய உருண்டையாக எச்சம் போட்டுவிட்டுத் திரும்பும். சிக்கல் உள்ள கோழி கண்ணைப் பாதி மூடிக் கிடக்கும், கையைத் தள்ளாது. எழுப்பி நிறுத்தினால் முதுகு நிமிர்ந்து, வால் தரையைப் பார்க்க, காலை அகட்டி நிற்கும். வாலடி மேலும் கீழுமாக அசையும்.

இன்னொரு குழப்பம் கால். உள்ளே நிற்கும் முட்டை காலுக்குப் போகும் நரம்பை அழுத்தினால் கோழி நொண்டும், ஒரு காலை இழுக்கும். வாதம் என்று நினைத்துக் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

அதற்காக ஒரு நாள் முட்டை இல்லையென்றால் பதறவும் வேண்டாம். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது, அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே. நாட்டுக்கோழி இடையில் நாள் விடுவது இயல்பு. முட்டை இல்லை என்பதோடு முக்கலும் சோர்வும் சேர்ந்தால்தான் கவலை.

அழுத்திப் பார்ப்பது

தொட்டுப் பார்க்கலாம், பிதுக்கக் கூடாது. கோழியைக் கையிடுக்கில் அணைத்துக்கொண்டு, மார்பெலும்பு முடியும் இடத்துக்கும் ஆசனவாய்க்கும் நடுவே விரல் நுனிகளை மெல்ல வைத்தால் கெட்டியான உருண்டை தட்டுப்படும். ஓடு கெட்டிப்படாத தோல் ஓட்டு முட்டையாக இருந்தால் இது தெரியாமல் போகலாம். அப்போது நகம் வெட்டி, கையுறை போட்டு, தேங்காய் எண்ணெய் தடவிய ஒரு விரலை ஆசனவாய்க்குள் நேராக விட்டுப் பார்க்கலாம். சிக்கிய முட்டை பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு அங்குலத்திலேயே கைக்குத் தெரியும்.

முட்டை தெரிந்ததும் அதை வயிற்றோடு சேர்த்து அமுக்கித் தள்ளுவது, கம்பியாலோ விரலாலோ உடைத்து எடுப்பது, இரண்டையும் வீட்டில் யாரும் செய்யவே கூடாது. உடைந்த ஓட்டின் விளிம்பு கத்தி போல முட்டைக்குழாயைக் கிழிக்கும். மஞ்சள் கரு வயிற்றுக்குள் கசிந்தால் அங்கே சீழ் பிடிக்கும். அன்று பிழைத்த கோழி ஒரு வாரம் கழித்து வயிறு வீங்கிச் சாவது இதனால்தான். உடைத்தே ஆக வேண்டும் என்றால் அதைச் செய்ய வேண்டியவர் கால்நடை மருத்துவர்.

வெந்நீரில் வைப்பதில் நடக்கும் பிழைகள்

வெதுவெதுப்பான நீர் உண்மையிலேயே உதவும், தசை தளரும். ஆனால் கொதிக்கவைத்து இறக்கிய நீரில் கோழியை இறக்குகிறார்கள், அல்லது ஆறிப்போகும் வரை விட்டுவிடுகிறார்கள். கோழியின் உடல் சூடே 41 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இருக்கும். நீர் 38 முதல் 40 டிகிரி இருந்தால் போதும். முழங்கையை நனைத்தால் சுடாமல் இதமாக இருக்க வேண்டும். அகன்ற வாளியில் வயிறும் ஆசனவாயும் மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர், 20 நிமிடம், ஆற ஆற வெந்நீர் சேர்ப்பது. சேர்க்கும்போது கோழி மேல் படாமல் ஓரமாக. தலை சாய்ந்து நீரில் விழாமல் ஒரு கை எப்போதும் மார்பைத் தாங்கியிருக்க வேண்டும்.

எடுத்ததும் அடிவயிற்று இறகைத் துண்டால் ஒற்றி முழுக்க உலர்த்துங்கள். ஈரத்தோடு விட்டால் உடம்பு சில்லிட்டுப்போகும், நீரில் வைத்த பலன் அத்தனையும் வீண். பிறகு ஆசனவாயில் எண்ணெய் தடவி, பஞ்சாரத்தில் கவிழ்த்து, காற்றுப் போக வழி விட்டுச் சாக்கால் மூடி, நாயும் பிள்ளைகளும் வராத இடத்தில் தனியே விட வேண்டும். இருட்டும் அமைதியும் பாதி வைத்தியம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பது அதைக் கெடுக்கும்.

சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு எச்சரிக்கை. கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் வெந்நீரும் வேண்டாம், குண்டு பல்பு சூடும் வேண்டாம். வெப்பத்தாலும் இளைக்கும், முட்டை காற்றுப்பைகளை அழுத்துவதாலும் இளைக்கும். எதுவானாலும் சூடு சேர்த்தால் தாங்காது. நிழலில் வைத்து உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கால்சியத்தை மறப்பது, சுண்ணாம்பைக் கொடுப்பது

முட்டையை வெளியே தள்ளுவது தசை. அந்தத் தசை சுருங்கக் கால்சியம் தேவை. ஒரு முட்டை ஓட்டுக்கே சுமார் 2 கிராம் கால்சியம் போய்விடுகிறது. கம்பும் நொய்யும் மட்டுமே தின்னும் கோழிக்கு இது எங்கிருந்து வரும்? ஒன்றரை, இரண்டு கிலோ எடையுள்ள கோழிக்கு 500 மி.கி. கால்சியமும் வைட்டமின் டி3-யும் உள்ள மாத்திரை ஒன்றை இரண்டு மூன்றாக உடைத்துக் கொடுக்கலாம், விழுங்கும் தெம்பு இருந்தால் மட்டும். சிறிய கோழிக்குப் பாதி. வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்து வாயில் தடவுவது தவறு. அது வாயையும் தொண்டையையும் புண்ணாக்கிவிடும்.

பசுவுக்குப் போடும் ஆக்ஸிடோசின் ஊசியைக் கோழிக்குப் போட்டுப் பார்ப்பது இதைவிட ஆபத்து. முட்டை குறுக்காக நின்றாலோ குழாயில் ஒட்டியிருந்தாலோ, தசை மட்டும் வலுவாகச் சுருங்கினால் குழாய் கிழிந்துவிடும்.

இத்தனையும் செய்து மாலைக்குள் முட்டை வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள், அல்லது தமிழ்நாட்டில் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.

சிவப்பாகச் சதை வெளியே தள்ளினால்

முட்டையிடும் நொடியில் ஈரமான சிவந்த சதை வெளியே வந்து உடனே உள்ளே போவது இயல்பு. போகாமல் தொங்கினால்தான் நோய். இதில் முதல் தவறு, மற்ற கோழிகளோடு விட்டுவைப்பது. சிவப்பைக் கண்டால் அவை கொத்தும், குடலையே உருவிவிடும். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பிரியுங்கள்.

இரண்டாவது, மஞ்சள்தூள், சாம்பல், மண்ணெண்ணெய் என்று கையில் கிடைத்ததைப் பூசுவது. அந்தச் சதை தோல் அல்ல, வாயின் உட்புறம் போல மெல்லியது. தூள் ஒட்டிக் காய்ந்தால் உள்ளே தள்ளும்போது உராய்ந்து கிழியும். மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த மூலக் களிம்பும் வேண்டாம், பறவைக்கு அது நஞ்சாகலாம்.

கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, வெதுவெதுப்பாக ஊற்றி மண்ணும் எச்சமும் போகக் கழுவுங்கள். துடைக்காதீர்கள், ஊற்றினால் போதும். வீக்கம் பெரிதாக இருந்தால் பொடித்த சர்க்கரையை நீரில் குழைத்துப் பத்து, பதினைந்து நிமிடம் பூசி வையுங்கள். சர்க்கரை சதையிலுள்ள நீரை இழுக்கும், வீக்கம் கண்ணெதிரே சுருங்கும். அதை மறக்காமல் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் எறும்பு மொய்க்கும். பிறகு கையுறையில் எண்ணெய் தடவி, விரல் நுனியால் குத்தாமல் விரலின் சதைப்பகுதியால் மெல்ல உள்ளே அனுப்பி, இரண்டு மூன்று நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். திரும்ப வெளியே வருவது சகஜம். மறுபடி செய்யலாம். சதைக்குள் முட்டை தெரிந்தாலோ, சதை கறுத்திருந்தாலோ, கிழிந்திருந்தாலோ தள்ளவே கூடாது, மருத்துவர்தான்.

மூன்றாவது தவறு, உள்ளே போனதும் வழக்கம்போல மேய விடுவது. நாளைக்கு அடுத்த முட்டை வரும், எல்லாம் மறுபடி வெளியே வரும். முட்டை நிற்க வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். மாலை 5 மணிக்குப் பஞ்சாரத்தை மூடிக் காலை 9 மணிக்குத் திறந்தால் 8 மணி நேர வெளிச்சம் ஆகிறது. சில நாளில் முட்டை நின்றுவிடும், குழாய்க்கு ஓய்வு கிடைக்கும். காற்றோட்டம் மட்டும் குறையக் கூடாது.

வயிறு தண்ணீர்ப்பை போலத் தொங்கினாலோ, பாலாடைக்கட்டி போன்ற மஞ்சள் கட்டி முட்டைக்குப் பதிலாக வந்தாலோ அது குழாயிலோ வயிற்றுக்குள்ளோ உள்ள அழற்சி. வீட்டில் ஊசி குத்தி நீர் எடுப்பதும், கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கைக் குத்துமதிப்பாகக் கலப்பதும் வேண்டாம். மருந்து முட்டையிலும் இறங்கும். எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேறிய கோழிக்குத் தீவனத்தை மாற்றாமல் விட்டால் சிக்கல் திரும்ப வரும். முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் உண்டு. அதோடு வறுத்து அரிசி அளவுக்கு நொறுக்கிய முட்டை ஓட்டையோ கிளிஞ்சலையோ தனிக் கிண்ணத்தில் வையுங்கள். எல்லாருக்கும் போடும் இரையில் கலக்காதீர்கள். குஞ்சுகளுக்கும் இன்னும் முட்டையிடத் தொடங்காத விடைக்கோழிகளுக்கும் அந்த அளவு கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தேவைப்படும் பெட்டை தானாக வந்து கொத்திக்கொள்ளும்.