மலையில் கார் டீடெய்லிங்: பெயிண்ட் கரெக்‌ஷனுக்கு எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

பெயிண்ட் கரெக்‌ஷன் என்பது பெயிண்டின் மேல்பரப்பை மெஷினால் பாலிஷ் செய்து கீறலை எடுப்பது. அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் 3 நாளில் முடியும் வேலை, குன்னூரில் 4 நாள் இழுக்கும். ஜூலை மாத ஊட்டியில் 5 நாளும் ஆகலாம். மெஷின் ஓடும் நேரம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். மலையில் கூடுவது காயவைக்கும் நேரமும், காற்றின் ஈரம் இறங்கக் காத்திருக்கும் நேரமும். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் மெஷின் நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்து, வண்டிக்காரரிடம் நாள் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

கீழே உள்ளது ஒரு ஹேட்ச்பேக் வண்டிக்கு, ஒரே ஆள் வேலை செய்தால் ஆகும் கணக்கு. எஸ்யூவி என்றால் ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கழுவுதல் (ஒன்றரை முதல் 2 மணி நேரம்)

முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி, சக்கர வளைவுக்குள் ஒட்டிய செம்மண்ணை இறக்குங்கள். பிறகு ஃபோம் அடித்து 5 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். அதன் பிறகுதான் கையில் மிட் (கழுவும் கையுறை) எடுக்க வேண்டும். இரண்டு பக்கெட் கட்டாயம்: ஒன்றில் ஷாம்பூ, மற்றொன்றில் மிட்டை அலசச் சுத்தமான தண்ணீர். மண்ணோடு தேய்த்தால், மறுநாள் நீங்களே எடுக்க வேண்டிய கீறலை இன்று நீங்களே போடுகிறீர்கள்.

மழைக்காலம் முழுக்க வெளியில் நின்ற வண்டியில் கண்ணாடி ரப்பர் ஓரமெல்லாம் பச்சைப் பாசி பிடித்திருக்கும். மென்மையான பிரஷால் எடுக்க அரை மணி நேரம் தனியாகப் போகும். அதை விட்டுவிட்டால் பாலிஷ் போடும்போது மெஷினின் பேடில் ஏறி வண்டி முழுக்கப் பரவும்.

படி 2: ஒட்டிய அழுக்கை எடுத்தல் (2 மணி நேரம்)

தார், மரப்பிசின், பிரேக் தூசி மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. தாருக்குத் தார் ரிமூவர். பைன், சீகை மரத்தடியில் நின்ற வண்டியின் பிசினுக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியை 1 நிமிடம் மேலே வைத்து எடுங்கள். நகத்தால் சுரண்டாதீர்கள்.

மலை வண்டிகளில் பிரேக் தூசி அதிகம். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும்போது டிஸ்க்கிலிருந்து உதிரும் இரும்புத்துகள் வீல், கதவின் கீழ்ப்பகுதி, பின் பம்பர் எங்கும் படிந்து துருப்பிடிக்கும். அயர்ன் ரிமூவர் அடித்தால் ஊதா நிறமாக வழியும். குளிரில் அது மெதுவாகத்தான் வேலை செய்யும். பாட்டிலில் போட்ட நேரத்துக்கு நிறம் மாறவில்லை என்றால், காயவிடாமல் மேலே கொஞ்சம் தெளித்து இன்னும் 2 நிமிடம் பாருங்கள். காய்ந்துபோனால் கறை படியும்.

கடைசியாகக் கிளே பார் (ஒட்டிய துகளைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி), லூப்ரிகண்ட் தாராளமாக விட்டு. கிளே கல்போல் இறுகிவிட்டால் வெந்நீரில் அரை நிமிடம் போட்டுப் பிசையுங்கள். தரையில் விழுந்த துண்டை எடுத்துக் குப்பையில் போடுங்கள், அதில் சிக்கனம் வேண்டாம்.

படி 3: காயவைத்தல் (மலையில் ஒரு இரவு)

துணியால் துடைத்தவுடன் வண்டி காய்ந்த மாதிரி தெரியும். கண்ணாடிக் கூடு, கதவுக் கைப்பிடி, எம்பளம், நம்பர் பிளேட் ஆகியவற்றின் பின்னால் தண்ணீர் நிற்கும். ஏர் புளோயர் வைத்து ஊதி, பிறகு மூடிய ஷெட்டில் இரவு நிறுத்துங்கள். ஷெட் இல்லாமல் வெளியில் விட்டால் பனி இறங்கி, காலையில் படி 1-க்கே திரும்ப வேண்டியிருக்கும்.

படி 4: அளந்து பார்த்தல், சோதனைக் கட்டம் (1 முதல் ஒன்றரை மணி நேரம்)

நாள் கணக்கு இங்கேதான் முடிவாகிறது. இதற்கு முன்னால் யாரிடமும் தேதி சொல்லாதீர்கள்.

பெயிண்ட் தடிமன் மீட்டரால் ஒவ்வொரு பேனலிலும் 4, 5 இடம் அளக்கவும். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். அதில் மேலே உள்ள கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) சுமார் 40, 50 மைக்ரான்தான். 250-க்கு மேல் காட்டினால் அந்தப் பேனல் மறுபெயிண்ட் ஆகியிருக்கிறது, ஒருவேளை உள்ளே பட்டி இருக்கிறது. 80-க்குக் கீழே காட்டினால் ஏற்கெனவே தேய்த்துத் தீர்த்திருக்கிறார்கள். அங்கே காம்பவுண்ட் (பாலிஷை விட அதிகமாக வெட்டும் பேஸ்ட்) வேண்டாம், லேசான பாலிஷோடு நிறுத்துங்கள். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது.

எஸ்டேட் ரோட்டில் உன்னிச்செடியும் தேயிலைக் கிளையும் உரசிய கோடுகள் கதவில் நீளமாக ஓடும். நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் பாலிஷில் முழுதாகப் போகாது, மங்கலாகும், அவ்வளவுதான். வண்டிக்காரரைக் கூப்பிட்டு இப்போதே காட்டிவிடுங்கள்.

பிறகு பானட்டில் 50×50 சென்டிமீட்டர் கட்டம் ஒன்றை மாஸ்கிங் டேப்பால் ஒதுக்குங்கள். டிஏ மெஷின் (பேட் சுழன்றபடியே அதிர்ந்தும் ஓடும் பாலிஷர்), 5 இன்ச் பேட், பட்டாணி அளவில் 4 சொட்டு. முதலில் பாலிஷும் மென்மையான பேடும். நெடுக்கும் குறுக்குமாக 4 முதல் 6 ஓட்டம், விநாடிக்கு 2, 3 சென்டிமீட்டர் வேகம். துடைத்து, எல்இடி விளக்கடியில் பாருங்கள். கீறல் போய்விட்டால் ஒரே ஸ்டேஜ் போதும். போகவில்லை என்றால் காம்பவுண்டும் கட்டிங் பேடும், அதன் மேல் மறுபடி பாலிஷ். அதாவது இரண்டு ஸ்டேஜ்.

இப்போது கணக்கு. ஹேட்ச்பேக்கில் இப்படி 30, 35 கட்டம் வரும். துடைப்பது, விளக்கில் பார்ப்பது, பேடைப் பிரஷ் போடுவது எல்லாம் சேர்த்து கட்டத்துக்கு 6 நிமிடம் என்றால் மூன்றரை மணி நேரம். பம்பர் மடிப்பு, பில்லர், கைப்பிடிக் குழி என்று இன்னும் ஒன்றரை மணி. ஆக ஒரு ஸ்டேஜுக்கு 5 மணி நேரம். உங்கள் சோதனைக் கட்டத்துக்கு 9 நிமிடம் ஆனால், அதை வைத்தே கணக்கைத் திருத்துங்கள்.

இரண்டு மணி நேரத்தில் முழு வண்டியும் மின்னுகிறது என்றால், கீறல் எடுபடவில்லை, கிளேஸ் என்னும் நிரப்புப் பூச்சு அதை நிரப்பி மறைத்திருக்கிறது. நாலைந்து முறை கழுவினால் திரும்பத் தெரியும்.

படி 5: கரெக்‌ஷன் (ஸ்டேஜுக்கு ஒரு நாள்)

ஓரங்கள், பேனல் மடிப்புக் கோடுகள், ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டுங்கள், முக்கால் மணி நேரம். ஓரத்தில் கிளியர் கோட் மெலிந்திருக்கும். அங்கே சற்று அதிக நேரம் நின்றாலும் அடிநிறம் தெரிந்துவிடலாம். அதற்கு மறுபெயிண்ட் தவிர வேறு வழி இல்லை.

குளிரில் சில காம்பவுண்டுகள் சீக்கிரம் வற்றாது. ஈரம் இருக்கிறதே என்று 10 ஓட்டம் ஓட்டாதீர்கள். 6 முடிந்ததும் துடைத்துவிடுங்கள். பேடில் வெட்டுப்பட்ட பெயிண்ட் தேங்கினால் வெட்டு குறையும், சூடு கூடும். ஒரு வண்டிக்குக் குறைந்தது 4 கட்டிங் பேட் கைவசம் வேண்டும்.

படி 6: செராமிக் கோட்டிங் (3 மணி நேரம், அதன் பின் 24 மணி நேரம்)

செராமிக் கோட்டிங் என்பது பாலிஷ் செய்த பெயிண்டைக் காக்க மேலே பூசும் திரவப் பூச்சு. முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் 1 பங்கு, காய்ச்சி வடித்த தண்ணீர் 3 பங்கு கலந்து துடைத்து, பாலிஷ் எண்ணெயை எடுங்கள். பிறகு வானிலை பாருங்கள்.

ஈரப்பதம் காட்டும் மீட்டரும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரும் இல்லாமல் மலையில் கோட்டிங் போடாதீர்கள். தகட்டின் வெப்பம், பனிநிலையை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) விடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். 15 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை சுமார் 7 டிகிரி, கவலை இல்லை. அதே 15 டிகிரியில் மூடுபனி ஏறி ஈரப்பதம் 90 ஆனால் பனிநிலை 13-ஐத் தாண்டும். தகடு 15-லேயே இருந்தால் அந்த 3 டிகிரி இடைவெளி இல்லை; கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் உட்காரலாம், கோட்டிங் திட்டுத்திட்டாகலாம். கதவை மூடி, எலெக்ட்ரிக் ஆயில் ஹீட்டர் வைத்து ஷெட்டைச் சூடாக்குங்கள். கேஸ், மண்ணெண்ணெய் ஹீட்டர் கூடாது: எரியும்போது நீராவியைக் கக்கும், கோட்டிங் கரைப்பானுக்குத் தீ ஆபத்தும் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் காலை 11 முதல் 3 மணி வரை நல்ல நேரம்.

40×40 கட்டமாகப் பூசி, வானவில் நிறம் பூத்ததும் ஒரு துணியால் துடைத்து, இன்னொரு துணியால் முடியுங்கள். பாட்டிலில் 2 நிமிடம் என்று இருக்கலாம். ஊட்டியில் 4, 5 ஆகும், நிறத்தைப் பார்த்துத்தான் துடைக்க வேண்டும். விட்டுப்போன கருந்திட்டை அன்றே பார்த்தால் மேலே புதுச் சொட்டு விட்டு எடுத்துவிடலாம். மறுநாள் பார்த்தால் மறுபடி பாலிஷ்தான்.

24 மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, பனியும் தண்ணீர்தான். வீட்டில் மூடிய ஷெட் இல்லாதவர் வண்டியை 2 இரவு உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். 7 நாள் ஷாம்பூ வேண்டாம். அந்த வாரம் துணிக் கவரும் போட வேண்டாம், கவருக்கு அடியில் ஈரம் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தழும்பு விழும்.

சீட் ஷாம்பூ வாஷும் கேட்டால் அதை முதல் நாள் காலையிலேயே செய்துவிடுங்கள். மழைக்காலத்தில் சீட் ஸ்பாஞ்ச் உலர 2 நாள் ஆகும். ஈரத்தோடு கண்ணாடியை ஏற்றி வண்டியைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் சீட் பெல்ட்டில் பூஞ்சை பூக்கும்.