ஏழூர்ப் பல்லக்கு போகும் பாதையில் சைக்கிள்

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு 13 கிலோமீட்டர். அதற்குள் ஐந்து ஆற்றைக் கடக்கிறோம்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஐயாறு என்ற பேருக்கு இந்த ஐந்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் அந்த ரோட்டில் பகலில் சைக்கிள் ஓட்டிப் பாருங்கள், ஒரு ஆறுகூடக் கண்ணில் நிற்காது. பாலம் ஏறும்போதே பின்னால் பஸ் ஹாரன் அடிப்பான். எப்போது இறங்குவோம் என்றுதான் இருக்கும்.

அதனால் முதல் தடவை போனபோது போன் மேப்பை நம்பி ரோட்டை விட்டு இறங்கினேன். என் தம்பி மகளும் கூட வந்திருந்தாள். மேப்பில் மெல்லிசாக ஒரு கோடு, வாய்க்கால் கரையை ஒட்டிக் கிழக்கே போனது. இரண்டு கிலோமீட்டர் அருமையான பாதை. அப்புறம் பாதை ஒற்றையடியாகி, ஒற்றையடி வரப்பாகி, வரப்பு ஒரு வாய்க்காலில் போய் முடிந்தது. குறுக்கே ஒரு பனைமரத் துண்டு கிடந்தது, அவ்வளவுதான் பாலம். நடவு வயலில் குனிந்திருந்த ஒரு பாட்டி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இந்த வரப்புல எங்கம்மா சைக்கிளத் தூக்கிக்கிட்டு வர்றீங்க? ஏழூருக்குப் பல்லாக்கு போற பாதை இருக்குல்ல, அதுல போங்க" என்றார்.

அந்தப் பேச்சுதான் எனக்கு வழிகாட்டி. ஒரு ஊர்ப்பக்கத்தில் வண்டி அதிகம் வராத பாதை வேண்டுமானால் மேப்பைத் தேடாதீர்கள். அந்த ஊரில் ஜனங்கள் காலால் நடந்து போகும் வழி எது என்று விசாரியுங்கள். சாமி போகும் வழி, பாதயாத்திரை வழி, மாடு ஓட்டும் வழி, இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். மனுஷன் நடப்பதற்கென்று உண்டான பாதை சைக்கிளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும்.

ஏழூர் என்பது சப்தஸ்தானம். திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம். பங்குனியில் திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம். சித்திரையில் ஐயாறப்பர் பல்லக்கில் புறப்பட்டு, புதுமாப்பிள்ளை நந்தியையும் அழைத்துக்கொண்டு இந்த ஊர்களைச் சுற்றி வருகிறார். கல்யாணத்துக்குப் பழனத்திலிருந்து பழம், சோற்றுத்துறையிலிருந்து சோறு, வேதிகுடியிலிருந்து வேதியர், பூந்துருத்தியிலிருந்து பூ, நெய்த்தானத்திலிருந்து நெய் என்று வந்ததாகச் சொல்வார்கள். நெய்த்தானம்தான் தில்லைஸ்தானத்தின் பழைய பேர். பல்லக்கைத் தோளில் சுமந்துகொண்டு சீர்பாதம் தாங்கிகள் போகிற வழி என்பதால் தூரம் அளவானது. திருவையாற்றில் தொடங்கி எல்லாம் பார்த்துத் திரும்பினால் 40 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மேடு பள்ளமே கிடையாது, டெல்டா முழுக்கத் தட்டைதான். சைக்கிள் ஓட்டிப் பழக்கமில்லாதவர்களும் ஒரு பகலில் முடிக்கலாம்.

எப்போது போவது? பொங்கலை ஒட்டிய வாரங்கள்தான் என் தேர்வு. மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம், அணையில் தண்ணீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். ஜனவரியில் ஆற்றில் தண்ணீரும் ஓடும், சம்பா கதிரும் முற்றி நிற்கும், வெயிலும் தாங்கும். தியாகராஜர் ஆராதனையும் அநேகமாக அந்த மாதத்தில்தான் வரும். அந்த நாட்களில் திருவையாற்றில் தங்க இடம் கிடைப்பது கஷ்டம், தேதி பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. டெல்டாக் களிமண்ணைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பத்தடி ஓட்டினால் போதும், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். குச்சியால் நோண்டி எடுத்து, மறுபடி பத்தடி. ஆடியில் மேல்காற்று பலமாக அடிக்கும், மேற்கே போகும்போது மிதிக்க முடியாது. சித்திரையில் பல்லக்கோடு போவது பெரிய அனுபவம்தான், ஆனால் அன்றைக்கு சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு நடந்து போங்கள். அந்தக் கூட்டத்தில் சைக்கிள் இடைஞ்சல்.

சைக்கிள் எதுவானாலும் சரி, மெல்லிய டயர் மட்டும் வேண்டாம். 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போதும். கியர் இல்லாத பழைய சைக்கிளிலும் போய்வந்திருக்கிறேன். திருவையாற்றில் ரயில் நிலையம் இல்லை, தஞ்சாவூரில்தான் இறங்கவேண்டும். ரயிலில் கொண்டுவருகிறவர்கள் பார்சல் ஆபீசில் பதிவு செய்துதான் ஏற்றவேண்டும். அதற்கு ஒரு மணி நேரமாவது முன்னால் போய்விடுங்கள்.

பஞ்சர் சாமான் கட்டாயம். கரையெல்லாம் சீமைக்கருவேலம், அதன் முள் டயரைத் துளைத்து டியூபில் நிற்கும். டியூபைக் கழற்றிக் கொஞ்சம் காற்றடித்து வாய்க்கால் தண்ணீரில் அமுக்கினால், ஓட்டை இருக்கிற இடத்தில் முத்து முத்தாகக் குமிழ் வரும். நன்றாகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவுங்கள். தடவியவுடனே ஒட்டுப் போடாதீர்கள். விரல் வைத்தால் ஈரம் ஒட்டாத அளவுக்குக் காயட்டும். அந்த நேரத்தில் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள்ளின் நுனி அங்கேயே இருக்கும், வெளியிலிருந்து தெரியாது. அதை எடுக்காமல் மாட்டினால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி உட்காரவேண்டியதுதான். நகவெட்டி ஒன்று வைத்திருக்கிறேன், முள்ளைப் பிடித்து இழுக்க அதைப்போல வேறொன்றும் இல்லை.

விடிகாலையில் திருவையாற்றில் புஷ்யமண்டபப் படித்துறையிலிருந்து புறப்படுங்கள். கோயில்கள் மதியம் 12 மணிக்கு நடைசாத்திவிட்டு 4 மணிவாக்கில்தான் திறப்பார்கள், அதை வைத்துத்தான் நாளைப் பிரிக்கவேண்டும். முதலில் கிழக்கே திருப்பழனம், நாலு கிலோமீட்டர். இது கும்பகோணம் பஸ் ரோடு. அதனால்தான் விடிகாலை என்கிறேன், ஆறரை மணிக்குள் இந்தத் துண்டை முடித்துவிட வேண்டும். பழனத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் திங்களூர். அங்கே இருந்தவர் அப்பூதியடிகள். அப்பரை நேரில் பார்ப்பதற்கு முன்பே தன் பிள்ளைகளுக்கும் தான் வைத்த தண்ணீர்ப்பந்தலுக்கும் திருநாவுக்கரசு என்று பேர் வைத்தவர். வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் கொடுத்த ஊர் என்பதால் நான் பாட்டிலை அங்கேதான் நிரப்புவேன். யாராவது ஒரு வீட்டில் கேட்டால் சொம்போடு கொண்டுவந்து கொடுப்பார்கள்.

பழனத்திலிருந்து சோற்றுத்துறைக்குப் போக நடுவில் காவிரியும் குடமுருட்டியும் உண்டு. ஆறு வறண்டிருக்கும் மாதங்களில் மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கலாம், எந்த இடத்தில் இறங்குவது என்று ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓடும்போது அந்த யோசனையே வேண்டாம். முழங்கால் அளவுதான் என்று கரையிலிருந்து தெரியும், கீழே மணல் அள்ளிய குழி இருக்கும். திருவையாற்றுப் பாலத்துக்கே திரும்பி, கண்டியூர் வந்து, அங்கிருந்து கிழக்கே திரும்புங்கள். தூரம் கொஞ்சம் கூடும், ஒன்றும் நஷ்டமில்லை.

கண்டியூர் தஞ்சாவூர் ரோட்டின் மேலேயே இருக்கிறது. நாளின் ஒரே அபாயமான இடம் இந்த முக்குதான். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடங்கள். கடந்து கிழக்கே ஒரு பர்லாங் போனால் சத்தம் அப்படியே அடங்கிவிடும். அங்கிருந்து சோற்றுத்துறை, வேதிகுடி, திரும்பிக் கண்டியூர், மேற்கே பூந்துருத்தி வரை எல்லாம் கிராமத்துப் பாதை. வண்டியே வராது என்று சொல்ல மாட்டேன். டிவிஎஸ்ஸில் வைக்கோல் கட்டோடு ஒருவர், மினிபஸ் ஒன்று, அறுவடைக் காலத்தில் டிராக்டர், இவ்வளவுதான். இரண்டு பக்கமும் வயல், அங்கங்கே மதகு, தென்னையும் மூங்கிலும். இந்தப் பதினைந்து கிலோமீட்டருக்காகத்தான் நான் திரும்பத் திரும்ப வருகிறேன். அவசரப்படாதீர்கள்.

அறுவடை சமயத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். அதன் மேல் ஏற்றாதீர்கள், சைக்கிள் டயர்தானே என்று நினைக்க வேண்டாம். வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்தால், நெல் துழாவுகிற அக்கா "எங்கேருந்து வர்றீங்க?" என்று கேட்பார். அந்தப் பேச்சில் டீக்கடை எங்கே, எந்தக் கரையில் முள் வெட்டிப் போட்டிருக்கிறார்கள், எந்த மதகுப் பலகை உடைந்திருக்கிறது எல்லாம் தெரிந்துவிடும். நாய் துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். பத்தடியில் அதற்கு ஆர்வம் போய்விடும். ஆற்றில் குளிக்க ஆசை வந்தால் படித்துறையில் மட்டும், ஆள் இருக்கும்போது மட்டும். தண்ணீரைத் தடுக்கும் இரும்புக் கதவுகள் இருக்கிற சட்ரஸ் பக்கம் இறங்கவே கூடாது, கதவுக்குக் கீழே தண்ணீர் சுழித்து இழுக்கும்.

மதியம் கோயில் சாத்தியிருக்கும் நேரத்தைப் பூந்துருத்தியில் கழியுங்கள். அப்பர் மடம் கட்டித் தங்கிய ஊர். சம்பந்தர் முத்துச் சிவிகையில் வரும்போது, கூட்டத்தோடு கூட்டமாக அப்பரும் தோள் கொடுத்துச் சுமந்தாராம். "அப்பர் எங்கே?" என்று சம்பந்தர் கேட்க, "இங்கேதான் இருக்கிறேன்" என்று பல்லக்குக்குக் கீழேயிருந்து குரல் வந்ததாம். என் தம்பி மகள் இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். "அத்தை, சம்பந்தர் உடனே கீழே குதிச்சிருப்பார்ல?" என்று அப்புறம் கேட்டாள். குதித்துத்தான் இறங்கினார்.

நாலரைக்குக் கிளம்பி கண்டியூர் வழியாகத் திருவையாறு, அங்கிருந்து மேற்கே இரண்டு கிலோமீட்டரில் தில்லைஸ்தானம். இதுவும் பஸ் ரோடுதான், பின்விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, சோழன் ஆதித்தனும் சேரன் தாணு ரவியும் சேர்ந்து விக்கி அண்ணன் என்பவருக்குக் கொடுத்த வரிசைகளைச் சொல்கிறது. சாமரம், திமிலை என்ற பறை, யானைகள் என்று போகிற அந்தப் பட்டியலில் சிவிகையும் உண்டு. கோயிலுக்குள் போகப் பைக்குள் ஒரு துப்பட்டாவோ வேட்டியோ வைத்திருங்கள், சைக்கிள் அரைக்கால் சட்டையோடு போனால் சங்கடம்.

இருட்டுவதற்குள் திருவையாற்றுக்குத் திரும்பி, முதலில் சைக்கிளைக் கழுவிவிடுங்கள். களிமண் ஈரமாக இருக்கும்போது ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும், காய்ந்தால் செங்கல். செயினைத் துணியால் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அதற்கப்புறம் அசோகா அல்வா சாப்பிடப் போங்கள். சூடாக, வாழையிலைத் துண்டில் வாங்குங்கள்.