காரின் பின்கண்ணாடி ஆன்டெனா: எஃப்எம் கரகரத்தால் நீங்களே சரிபார்க்கலாம்

கூரையில் கம்பி இல்லை, சுறாத்துடுப்பு மாதிரி எதுவும் இல்லை, ஆனாலும் எஃப்எம் பாடுகிறதா? அப்படியானால் ஆன்டெனா பெரும்பாலும் கண்ணாடியில்தான் இருக்கும். பின்கண்ணாடியில் தெரியும் மெல்லிய பழுப்புக் கோடுகள், வெள்ளிப் பசையை அச்சிட்டுச் சூளையில் சுட்டவை. அகலம் முழுக்க வரிசையாக ஓடுபவை டிஃபாகர், அதாவது கண்ணாடியைச் சூடாக்கிப் பனிமூட்டத்தைப் போக்கும் கோடுகள். அதற்கு மேலோ கீழோ தனியாக நிற்பவை ஆன்டெனா. சில கார்களில் டிஃபாகர் கோடுகளே இரண்டு வேலையும் பார்க்கும். எஃப்எம் வரும் 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். ஆன்டெனாவுக்கு அதில் கால் பங்கு போதும், அது 75 சென்டிமீட்டர்தான். கண்ணாடியில் தாராளமாக அடங்கும்.

முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். கோட்டில் கிடைக்கும் சிக்னல் பலவீனமானது என்பதால் கண்ணாடி ஓரத்தில் சிக்னலைப் பெருக்கும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பார்கள். ரேடியோவைப் போட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் பவர் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். என் காரில் புது ஸ்டீரியோ மாட்டிய கடையில், ஆன்டெனாவுக்கான நீல ஒயரை டேப் சுற்றி அப்படியே விட்டிருந்தார்கள். இரண்டு மாதம் வெறும் இரைச்சல்தான். அந்த ஒயரை இணைத்ததும் பாட்டு பளிச்சென்று கேட்டது. சில கார்களில் ஆன்டெனா கேபிள் வழியாகவே மின்சாரம் போகும். அவற்றில் புது ஸ்டீரியோ மாட்டினால் அதற்குத் தனி அடாப்டர் வேண்டும்.

மின்சாரம் சரியாக வந்தால், அடுத்து கோட்டைச் சோதியுங்கள். மீட்டரின் முனை வெள்ளியைக் கீறிவிடும், அதனால் அதில் அலுமினிய ஃபாயில் சுற்றிக்கொள்ளுங்கள். மீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைக் கோடு தொடங்கும் இணைப்பில் வையுங்கள். மற்றதைக் கோட்டின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். எங்கே அளவு சட்டென்று போய்விடுகிறதோ, அங்கேதான் வெட்டு. வெளியிலிருந்து டார்ச் அடித்தால் தலைமுடி அகலத்தில் ஓர் இடைவெளி தெரியும். ஸ்டிக்கரைப் பிளேடால் சுரண்டிய இடங்களைக் கட்டாயம் பாருங்கள்.

அப்புறம், அந்த இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கோட்டின் அகலம் மட்டும் தெரியும்படி இருபுறமும் டேப் ஒட்டி, மின்சாரம் கடத்தும் வெள்ளி பெயின்ட்டை நன்றாகக் குலுக்கிப் பூசுங்கள். வெட்டின் இரு பக்கமும் பழைய கோட்டின் மேல் கொஞ்சம் ஏறட்டும். காயவிட்டு மறுபடி ஒரு பூச்சு. 24 மணி நேரம் டிஃபாகரைப் போட வேண்டாம்.

கோடு முழுசாக இருந்தும் கரகரத்தால், சிக்னலைத் தடுக்கும் உலோகம் கலந்த கூலிங் ஃபிலிம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதை உரிக்கும்போது கோடும் சேர்ந்து வந்துவிடலாம். நீராவி காட்டி, அவசரப்படாமல் உரியுங்கள்.