பிரிட்டனில் கேஸ், கரண்ட் கம்பெனி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரில் இருந்தவரை கரண்ட் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே கிடையாது. தமிழ்நாட்டில் மின்வாரியம்தான். ரீடிங் எடுப்பவர் வருவார், அட்டையில் எழுதுவார், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்க் கட்டுவோம். லண்டனுக்கு வந்தால் வயரும் குழாயும் ஒன்றே, அதில் வருவதை விற்க மட்டும் ஏகப்பட்ட கம்பெனிகள். விலை ஏறப்போகிறது என்று செய்தி வந்த அன்று மாலையே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "யாரிடம் மலிவு?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.

அந்தக் கேள்விதான் முதல் தவறு. உங்கள் வீட்டில் எத்தனை யூனிட் ஓடுகிறது, உங்கள் போஸ்ட்கோட் என்ன, எப்படிப் பணம் கட்டுகிறீர்கள் என்பது தெரியாமல் அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. பிரிட்டன் கரண்ட் விலைக்காக 14 பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே பிளான், ஆனால் ஹாரோவில் இருக்கும் அக்காவுக்கு ஒரு விலை, லிவர்பூலில் இருக்கும் தம்பிக்கு வேறு விலை. அக்காவுக்கு லாபமாக இருந்தது தம்பிக்கும் லாபமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அந்த 1,755 யாருடைய பில்?

ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை ஆணையம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலை உச்சவரம்பை அறிவிக்கிறது. 2025 அக்டோபரில் அது 1,755 பவுண்டு. டிவியில் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, எவ்வளவு எரித்தாலும் வருடத்துக்கு அதற்கு மேல் வாங்க மாட்டார்கள் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரம்பு மொத்த பில்லுக்கு இல்லை. ஒரு யூனிட்டின் விலைக்கும், எரித்தாலும் எரிக்காவிட்டாலும் தினமும் விழும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான். அந்தக் காலாண்டில் டைரக்ட் டெபிட்டில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் முறையில், கட்டுவோருக்குச் சராசரியாகக் கரண்ட் யூனிட் 26.35 பென்ஸ், கேஸ் யூனிட் 6.29 பென்ஸ். ஸ்டாண்டிங் சார்ஜ் கரண்டுக்கு நாளொன்றுக்கு 53.68 பென்ஸ், கேஸுக்கு 34.03 பென்ஸ். வருடத்துக்கு 2,700 யூனிட் கரண்டும் 11,500 யூனிட் கேஸும் செலவழிக்கும் ஒரு கற்பனை வீட்டுக்கு இவற்றைப் பெருக்கிக் கூட்டினால் 1,755 வருகிறது. அந்தக் கற்பனை வீட்டில் நாம் யாரும் குடியிருக்கவில்லை.

இரண்டு பேர் வேலைக்குப் போய்வரும் சின்ன ஃபிளாட்டில் 1,800 யூனிட் கரண்ட், 7,500 யூனிட் கேஸ் ஓடலாம். அதே விலையில் அவர்களுக்கு ஏறத்தாழ 1,266 பவுண்டுதான். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கி, பகலெல்லாம் ஹீட்டிங் ஓடும் வீட்டில் 1,755 எப்போதோ தாண்டியிருக்கும். மாவு கிரைண்டரைக் குறை சொல்ல வேண்டாம், அரை மணி நேரம் ஓடினால் இரண்டு மூன்று பென்ஸ் ஆகலாம். பில்லைத் தூக்குவது ஹீட்டிங்தான்.

இன்னொன்று, இந்த உச்சவரம்பு சாதாரண மாறும் விலை பிளானுக்கு மட்டும். குறிப்பிட்ட காலத்துக்கு யூனிட் விலை மாறாத ஃபிக்ஸட் பிளான்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது, அவை அதற்கு மேலேயும் இருக்கலாம். வட அயர்லாந்துக்கு இந்த ஏற்பாடே கிடையாது.

கனமீட்டரை யூனிட் என்று போட்டுவிட்டு

கம்பெனிகளின் விலையை ஒப்பிடும் இணையதளங்களில் முதலில் கேட்பது உங்கள் உபயோகம். பலர் "தெரியாது" என்பதைத் தட்டிவிட்டு, மூன்று படுக்கையறை வீடு என்று குறிப்பதோடு விட்டுவிடுகிறார்கள். திரையில் வரும் எல்லா எண்களும் அப்போதே வேறு யாருடைய வீட்டுக்கோ போய்விட்டன. வருடாந்தர பில்லிலோ கம்பெனியின் ஆப்பிலோ கடந்த 12 மாத உபயோகம் யூனிட்டில் இருக்கும். யூனிட் என்றால் கிலோவாட் மணி, ஊரில் சொல்லும் அதே யூனிட்தான். கோடையில் மூன்று மாதம் கட்டியதை நான்கால் பெருக்குவது வேலைக்கு ஆகாது. இந்த நாட்டில் ஜனவரி என்று ஒன்று இருக்கிறது.

கேஸ் விஷயத்தில் நானே விழுந்திருக்கிறேன். மீட்டரில் இந்த வருட எண்ணிலிருந்து போன வருட எண்ணைக் கழித்தேன், ஆயிரத்துச் சொச்சம் வந்தது. அதை அப்படியே யூனிட் என்று போட்டேன். கேஸ் வருடத்துக்கு இருநூறு பவுண்டுகூட இல்லை என்று திரை சொன்னது. வீட்டில் ஒரே சந்தோஷம். அப்புறம் மனைவிதான் கேட்டாள்: "போன வருஷம் எழுநூறுக்கு மேல கட்டினோமே, இது எப்படி?" மீட்டர் காட்டுவது கனமீட்டர். ஒரு கனமீட்டர் கேஸ் சுமார் 11 யூனிட். பழைய மீட்டர்களில் கன அடிக் கணக்கு இருக்கும். அதில் ஒரு எண் நகர்ந்தால் நூறு கன அடி, அதாவது சுமார் 31 யூனிட். உங்கள் மீட்டர் எந்த வகை என்பது அதன் முகத்திலேயே எழுதியிருக்கும். பில்லில் கம்பெனி அதைச் சரியாகக் குறித்திருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். வகை மாறிப் பதிவாகியிருந்தால் பில் மூன்று மடங்கு மாறிவிடும்.

கடைசியாக, பில்லில் ரீடிங் பக்கத்தில் "மதிப்பீடு" (estimated) என்று இருந்தால் அந்த வருடாந்தர எண்ணும் ஊகம்தான். ஒப்பிட உட்காரும் முன் ஒரு உண்மையான ரீடிங் அனுப்பிவிடுங்கள்.

மாதம் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பது விலை அல்ல

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். இப்போது மாதம் 160 பவுண்டு போகிறது, புதிய கம்பெனி 125 என்கிறது, மாறினால் 35 மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்கள். டைரக்ட் டெபிட் தொகை என்பது வருடச் செலவை ஊகித்துப் பன்னிரண்டாகப் பிரித்த தவணை. கோடையில் கொஞ்சம் அதிகமாகக் கட்டிச் சேர்த்துவைப்போம், குளிர்காலத்தில் அது கரையும். ஊகம் குறைவாக இருந்தால் தவணையும் குறைவு. மார்ச்சில் கடன் நிற்கும், ஏப்ரலில் தவணையை ஏற்றுவார்கள். எங்கள் வீட்டிலும் ஒருமுறை இப்படித்தான் மாறினோம். அடுத்த வசந்தத்தில் வந்த கடிதத்தில் கேட்ட தவணை, பழைய கம்பெனிக்குக் கட்டியதைவிட அதிகமாக இருந்தது. யூனிட் விலையை எடுத்துப் பார்த்தால் பழைய கம்பெனியைவிட ஒரு பென்ஸ் கூட.

ஒப்பிட வேண்டியது நான்கே எண்கள்: கரண்ட் யூனிட் விலை, அதன் ஸ்டாண்டிங் சார்ஜ், கேஸ் யூனிட் விலை, அதன் ஸ்டாண்டிங் சார்ஜ். உங்கள் வருட யூனிட்டால் பெருக்கி, ஸ்டாண்டிங் சார்ஜை 365 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 5 சதவீத வாட் (VAT) வரி சேர்ந்த விலையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டிங் சார்ஜை விட்டுவிட்டு யூனிட் விலையை மட்டும் பார்ப்பது இதன் மறுபக்கம். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம், குறைய எரித்தால் குறைய விலை என்று பழகிவிட்டோம். இங்கே பெரும்பாலான பிளான்களில் முதல் யூனிட்டுக்கும் மூவாயிரமாவது யூனிட்டுக்கும் ஒரே விலை. வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் ஊருக்குப் போனாலும் மேலே சொன்ன விலையில் நாளுக்கு 88 பென்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு கணக்கு. முதல் பிளானில் கரண்ட் யூனிட் 25 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் 55 பென்ஸ். இரண்டாவதில் யூனிட் 27, ஸ்டாண்டிங் சார்ஜ் 40. வருடம் 1,800 யூனிட் என்றால் முதலாவதுக்கு சுமார் 651 பவுண்டு, இரண்டாவதுக்கு 632. யூனிட் விலை அதிகமான பிளான்தான் மலிவு. அதே பிளான்கள், 4,000 யூனிட் வீடு என்றால் முதலாவது 1,201, இரண்டாவது 1,226. தலைகீழாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் இந்த இரண்டு வீட்டாரும் சத்தியம் செய்து வேறு வேறு பெயரைச் சொல்வார்கள், இருவர் சொல்வதும் சரிதான்.

விலை ஏறினால் உடனே மாற வேண்டுமா?

2021 செப்டம்பரில், கம்பெனிகள் மொத்தமாக வாங்கும் மொத்தச் சந்தையில் கேஸ் விலை பாய்ந்தபோது, மலிவாக விற்றுக்கொண்டிருந்த சிறு கம்பெனிகள் வரிசையாக விழுந்தன. அந்த நேரத்தில் கிடைத்த ஃபிக்ஸட் பிளான்கள் எல்லாமே உச்சவரம்பைவிட விலை கூடியவை. ஒப்பிடும் தளங்களே மாற்றும் சேவையை நிறுத்திவைத்தன. அப்போது பெரும்பாலானோருக்குச் சரியான முடிவு, சும்மா இருப்பது. பழைய ஃபிக்ஸட் பிளான் கையில் இருந்தவர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டதால் தப்பித்தார்கள். பதற்றத்தில் வெளியே வந்தவர்கள் திரும்பிப் போக முடியவில்லை.

எல்லாக் கம்பெனியும் ஒரே மொத்தச் சந்தையில்தான் வாங்குகின்றன. கரண்ட் விலையையும் பெரும்பாலான நேரம் கேஸில் ஓடும் மின் நிலையங்களே தீர்மானிக்கின்றன. ஆகவே கேஸ் ஏறினால் எல்லாருமே ஏற்றுவார்கள், சாதாரண பிளானில் இருந்து வேறொரு கம்பெனியின் சாதாரண பிளானுக்குத் தாவுவதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. யோசிக்க வேண்டியது ஃபிக்ஸட் எடுப்பதா என்பதுதான். அதையும் இன்றைய உச்சவரம்போடு மட்டும் ஒப்பிட்டால் பாதிக் கணக்கு. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் வரம்பு மாறும், சில வாரங்கள் முன்பே அறிவிப்பார்கள். கார்ன்வால் இன்சைட் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணிப்புகள் செய்திகளில் வரும். கணிப்பு தவறலாம், ஆனால் ஏறுமுகமா இறங்குமுகமா என்று தெரிந்துகொள்ள உதவும். ஃபிக்ஸட் என்றால் யூனிட் விலை நிலையானது, பில் நிலையானது அல்ல என்பதையும் வீட்டில் ஹீட்டரைத் திருகும் கைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

ஃபிக்ஸட் பிளான் முடியும் முன் மாறினால் வாங்கும் வெளியேறும் கட்டணத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கேஸுக்கும் கரண்டுக்கும் தனித்தனியாக விழும், இரண்டும் சேர்ந்து நூறு பவுண்டைத் தாண்டலாம். பிளான் முடிய 49 நாள் இருக்கும்போதிலிருந்து அதை வாங்கக் கூடாது என்பது விதி. 50 நாள் மிச்சம் இருக்கும்போதே மாறிப் பணத்தைக் கொட்டியவர்கள் உண்டு.

ஒப்பிடும் தளங்களுக்கு வருமானம் கமிஷன். அதனால் தங்கள் வழியாக மாறக்கூடிய பிளான்களை முன்னால் காட்டுவார்கள். எல்லாப் பிளான்களையும் காட்டு என்ற தேர்வு எங்காவது ஓரத்தில் இருக்கும், அதைத் தேடித் தட்டுங்கள். சேவை எப்படி என்று பார்க்க இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு நிறுவனம் வெளியிடும் நட்சத்திரப் பட்டியல் போதும். நண்பர் அனுப்பும் லிங்க்கில் சேர்ந்தால் இருவருக்கும் 50 பவுண்டு என்பது நல்லதுதான். கணக்குப் போட்ட பிறகு வந்தால்.

இரவு விலை தனியாக இருக்கும் எகானமி 7 மீட்டர் உள்ள ஃபிளாட்டுக்குக் குடிபோகிறவர்கள் கொஞ்சம் நின்று பாருங்கள். இரவு ஏழு மணி நேரம் மலிவு, பகல் விலை அதற்காகவே கூடுதல். இரவில் சூடேறி வைக்கும் ஸ்டோரேஜ் ஹீட்டர் இல்லாமல் கேஸ் ஹீட்டிங் இருந்தால் இந்த பிளானில் வெறும் நஷ்டம். பல மீட்டர்களுக்குக் கோடைகால நேரமாற்றமும் தெரியாது. இரவு விலை ஒரு மணி நேரம் தள்ளியே தொடங்கும்.

வாடகை வீடு என்பதால் மாற முடியாது என்று நினைப்பதும் தவறு. பில் உங்கள் பெயரில் வந்தால் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. காசு போட்டு ஓட்டும் பிரீபேமெண்ட் மீட்டரில் கடன் இருந்தாலும், கேஸுக்கு 500, கரண்டுக்கு 500 பவுண்டு வரை இருந்தால் கடனோடு சேர்த்தே மாறலாம். அரசுத் திட்டத்தில் பில்லில் கழிக்கும் 150 பவுண்டு வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் கிடைக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், புதிய கம்பெனி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எல்லாச் சிறு கம்பெனிகளும் அதில் இல்லை.

மாறும் வாரத்தில்

கரண்ட் நிற்குமோ, குழாய் தோண்டுவார்களோ என்ற பயம் வேண்டாம். பில் அனுப்புகிறவர் மட்டுமே மாறுகிறார். பொதுவாக ஐந்து வேலை நாளில் முடிந்துவிடும், மனம் மாறினால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். பழைய கம்பெனியின் டைரக்ட் டெபிட்டை மட்டும் அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். கடைசி பில் ஆறு வாரத்துக்குள் வர வேண்டும், மிச்சப் பணம் இருந்தால் அதற்குப் பிறகு பத்து வேலை நாளில் திரும்பி வர வேண்டும். உங்கள் கம்பெனியே மூழ்கிவிட்டாலும் இதே கதைதான். ஆஃப்ஜெம் வேறொரு கம்பெனியை நியமிக்கும், நீங்கள் சேர்த்துவைத்த பணம் போகாது. அதுவரை எதையும் ரத்து செய்யாமல், ரீடிங்கை எழுதிவைத்துக் காத்திருங்கள். வாசலில் வந்து "உங்கள் கம்பெனி மூடப்போகிறது, உடனே இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்கிறவர்களிடம் டீ வேண்டுமா என்றுகூடக் கேட்க வேண்டாம்.

மாறும் நாளில் இரண்டு மீட்டரையும் ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள், மீட்டர் எண்ணும் தெரியும்படி. எங்கள் கரண்ட் மீட்டர் மாடிப்படிக்குக் கீழே, பழைய சூட்கேஸ்களுக்குப் பின்னால் இருக்கிறது. டார்ச் அடித்துப் படுத்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும். ஒருமுறை பழைய கம்பெனி கடைசி ரீடிங்கில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8 என்று போட்டுவிட்டது. ஐந்நூறு யூனிட் வித்தியாசம், நூற்றுச் சொச்சம் பவுண்டு. மூன்று முறை ஃபோன் செய்தேன், மூன்று பேருக்கும் கதையை முதலிலிருந்து சொன்னேன். எட்டு வாரம் ஆனால் இப்படிப்பட்ட புகார்களைத் தீர்த்துவைக்கும் எனர்ஜி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் ஃபோனில் அந்தப் படம் இருப்பது நினைவுக்கு வந்தது. ஓரத்தில் ஒரு சூட்கேஸ் கைப்பிடியும் விழுந்திருந்தது. மின்னஞ்சலில் அனுப்பினேன், நான்காம் நாள் பில்லைத் திருத்தி அனுப்பினார்கள்.