மேஜை ஆர்கேட் பெட்டி வாங்கும் முன் வெயிலிலும் நிழலிலும் வைத்துப் பாருங்கள்

காசு போட்டு ஆடும் ஆளுயர வீடியோ கேம் பெட்டியை அப்படியே சாண் உயரத்துக்குச் சுருக்கி, மேலே பெயர்ப்பலகை, உருண்டைத் தலை வைத்த கைப்பிடி, பக்கவாட்டில் ஸ்டிக்கர் என்று எதையும் விடாமல் செய்திருப்பார்கள், அதுதான் மேஜை ஆர்கேட் பெட்டியின் அழகே. மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் வெளிநாடு போய் வந்தவர்கள் இருக்கும் வீட்டுப் பரண்களில் கேட்டுப் பாருங்கள், திருநெல்வேலி டவுனில் பழைய சாமான் கடைகளிலும் ஒரு கண் இருக்கட்டும்.

கையில் கிடைத்ததும் எந்தக் கம்பெனி என்று பாருங்கள், ஏனென்றால் சோதிக்கும் முறையே அதை வைத்துத்தான். கோலிகோ என்ற அமெரிக்கக் கம்பெனி 1981-ல் பேக்-மேன், 1982-ல் டாங்கி காங், ஃப்ராகர் என்று ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு பெட்டியாக வரிசையாக இறக்கியது. இதன் திரை தானே ஒளிரும், காற்று நீக்கிய கண்ணாடிக்குள் ஒவ்வொரு உருவமும் தனித்தனியாகப் பல நிறங்களில் எரியும். பாளையங்கோட்டை வெயிலில் ஒன்றும் தெரியாது, உள் அறைக்குக் கொண்டுபோய்ப் போடுங்கள். சில உருவங்கள் மட்டும் மங்கலாக இருந்தால் அதிகம் ஆடித் தேய்ந்தது, திரும்ப வராது. எதுவுமே எரியவில்லையா? கடைக்காரர் சம்மதித்தால் திறந்து, கண்ணாடிக்குள் வெள்ளி போல் மின்னும் திட்டைத் தேடுங்கள். அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, விட்டுவிடுங்கள்.

ஜப்பான் கம்பெனி நின்டெண்டோ 1983-ல் விட்ட மேஜைப் பெட்டிகள் நேர் எதிர். டாங்கி காங் ஜூனியர், பாப்பாய் போன்றவை. மேலிருந்து விழும் வெளிச்சம் திரை வழியாக இறங்கி உள்ளே இருக்கும் கண்ணாடியில் பட்டுத்தான் படம் தெரியும், அதனால் இருட்டறையில் பார்த்துவிட்டு செத்துப்போச்சு என்று முடிவு கட்டாதீர்கள், முற்றத்துக்குக் கொண்டு வாருங்கள்.

கோலிகோவுக்கு சி சைஸ் செல் நாலு, மொத்தம் 6 வோல்ட். எல்லாக் கடையிலும் கிடைக்காது, நீங்களே கொண்டு போங்கள். அடாப்டர் என்றால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் பிளஸ் மைனஸும் பொருந்தினால் மட்டும் செருகுங்கள். செல் போடும் இடத்தில் அல்கலைன் செல் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, அப்புறம் ஸ்பிரிட் போட்டுக் காய விடுங்கள். ஸ்பிரிங் அரித்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். கசிவு வயர் வழியே போர்டு வரை போயிருந்தால் வேண்டாம்.

ஸ்டிக்கர் வெளுத்திருந்தாலும் புதிதாக அச்சடித்து மேலே ஒட்டாதீர்கள், தயவுசெய்து. சேகரிப்பவர்கள் தேடுவது அந்தப் பழைய ஸ்டிக்கரைத்தான். தின்னர் பக்கமே போகாதீர்கள், உலர்ந்த துணி போதும். ஜன்னல் வெயில் படும் இடத்திலும் வைக்க வேண்டாம், பிளாஸ்டிக் பழுப்பாகிவிடும். தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் ஈரம் ஏறி ஸ்டிக்கர் ஓரம் எழும்பும், கம்பி துருப்பிடிக்கும், ஆகவே செல்லைக் கழற்றிவிட்டு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வையுங்கள்.

கடைசியாக, "அண்ணாச்சி, இதோட அட்டைப்பெட்டி கெடக்கா?" என்று கேட்க மறக்காதீர்கள், அதுவும் உள்ளிருக்கும் தெர்மக்கோலும் இருந்தால் மதிப்பு நன்றாகவே ஏறும். கிடைத்தால் தரையில் வைக்காமல் இரும்பு பீரோவில் ஏற்றிவிடுங்கள், கரையான் முதலில் அதைத்தான் தேடி வரும்.